வெள்ளை மூடி

செப்டம்பர் 3, புதன். கரூர்

காலை ஆறரைக்கு வண்டி எடுத்தோம். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பட்டறை ஆட்கள் எல்லோரும் கைதட்டி அனுப்பினார்கள். என் பிள்ளை நந்தகோபால் ஏழு மாதம் உட்கார்ந்து தன் கையால் கட்டிய வண்டி. பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவன் அதற்குள் ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறான். இரண்டு படுக்கை, மடக்கு மேசை, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் நகர வேண்டிய சமையல் மூலை. லடாக் வரை ஓட்டிக் காட்டிவிட்டால் ஆர்டர் குவியும் என்கிறான். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. பெண்டாட்டியோடு ஊர் சுற்றியதாகவும் ஆயிற்று.

நடுவில் நான் எதற்கு என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. "புதுசாக் கட்டுனதுக ரெண்டும் போகட்டும், மரகதம், நீ எதுக்குக் கூடவே தொத்திக்கிட்டு?" என்று நாத்தனார் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவனுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றேன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவனுக்கு.

அடுப்பைப் பற்றி எழுதிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் கேஸ் ஏஜென்சியில் வேலை பார்த்தவள் நான். வீடு வீடாகப் போய் அடுப்பைச் சோதித்து, குழாயை முகர்ந்து, பெண்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு வருவேன். கேஸ்காரம்மா என்றால் கரூரில் பாதி ஊருக்குத் தெரியும். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். அதனால் அடுப்புக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வலை அடிக்கச் சொன்னேன். செய்திருக்கிறான். சமையல் முடிந்தால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தானாக அணைய வேண்டும். அப்புறம்தான் அடுப்புக் குமிழ். கடைசியில் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் வெள்ளை மூடியைப் போட்டு அழுத்த வேண்டும். கயிறு கட்டித் தொங்குமே, அந்த மூடி. முக்கால்வாசிப் பேர் அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நான் மூடி போட மறந்ததில்லை. ஒருநாள்கூட மறந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டிலேயே ஒரு விபத்து நடந்தது. மூத்த மருமகள், நந்துவின் முதல் பெண்டாட்டி, அதில் போய்விட்டாள். கேஸ் கசிந்து நைட்டியில் பற்றிக்கொண்டது என்று போலீசில் எழுதியிருக்கிறது. நான் சொல்லித்தான் எழுதினார்கள். கேஸ்காரம்மாவே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது.

அதனால் இந்த வண்டியில் அடுப்பு என் பொறுப்பு என்று புறப்படும்போதே சொல்லிவிட்டேன். சின்ன மருமகள் லோகேஸ்வரி லைட்டரைத் தொடக் கூடாது. "ஒரு டீ போட்டுக்கக்கூடாதுங்களா அத்தை?" என்றாள். கூடாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

செப்டம்பர் 4, வியாழன். சித்ரதுர்கா தாண்டி

ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்திச் சமைத்தேன். வெண்பொங்கல், தேங்காய்ச் சட்னி. பக்கத்தில் லாரிகள் போகும்போது வண்டி ஆடி, அடுப்பில் தீயும் ஆடுகிறது. ஜன்னலைச் சாத்தினால் சரியாகிறது.

காபி ஆறிப்போயிற்று என்று நந்து டம்ளரைத் தள்ளினான். அது லோகேஸ்வரி தோளில் பட்டது. கை தவறிவிட்டது. ஆறின காபி தோலைச் சிவக்க வைக்காது. சிவந்திருந்தது. களிம்பு தடவினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

செப்டம்பர் 6, சனி. கோலாப்பூர்

லோகேஸ்வரிக்குக் கீழுதடு வீங்கியிருக்கிறது. வண்டிக் கதவு இடித்தது என்றாள். இந்த வண்டியில் இருப்பது இழுவைக் கதவு. அது யாரையும் இடிக்காது.

ரசமும் அப்பளமும். உறைப்பு பட்டால் எரியும் என்று அவளுக்கு மட்டும் மோர் சாதம் பிசைந்து கொடுத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய். ராஜஸ்தான்

எழுதாமல் படுத்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

மத்தியானம் ஒரு டிராக்டர்காரர் வழி விடவில்லை. அறுபது வயது இருக்கும், பெரிய தலைப்பாகை. நந்து வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்தினான். சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடை உருவிக்கொண்டு இறங்கினான். அந்த மனுஷர் கும்பிட்டார். கும்பிட்ட கையின் மேலேயே அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் வண்டிக்குள் கேட்டது. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தான். ஒரு தரம், இரண்டு தரம், எண்ணிக்கை எனக்கு விட்டுப்போயிற்று. பத்துப் பேர் கம்போடு வயலிலிருந்து ஓடி வந்தார்கள். இன்றோடு முடிந்தோம் என்று நினைத்தேன்.

லோகேஸ்வரிதான் இறங்கினாள். அவள் அப்பா ஜபல்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் காலில் விழுந்து என்னென்னவோ சொன்னாள், அழுதாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அந்தப் பெரியவர் பிள்ளையின் கையில் வைத்தாள். போ என்று விட்டார்கள்.

இருபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு வேப்பமர நிழலில் நந்து வண்டியை நிறுத்தினான். "ஊர்க்காரன் அத்தனை பேர் கையையும் புடிச்சுப் பேசுற. எத்தனை பேரை இப்படிப் புடிச்சிருக்கே?" என்று கேட்டான். உயிரைக் காப்பாற்றியவளை முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். "டேய் விடுடா" என்று நான் கத்தினேன். கத்தத்தான் செய்தேன். எழுந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

பருப்பு குக்கரில் இருந்தது. இரண்டாவது விசிலில் ரெகுலேட்டரை மூடினேன்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் தரையைக் கூட்டினேன். அடுப்புக்குக் கீழே உள்ள ஓட்டையின் மேல் வெள்ளி டேப் ஒட்டியிருந்தது. மூன்று பட்டையாக, ஓரம் தேய்த்து, சுத்தமாக ஒட்டிய வேலை. பட்டறைக்காரன் கை.

"நந்து, இதை எவன்டா ஒட்டுனது?"

"தூசி வருதும்மா."

"தூசி வந்தாத் தும்மலாம். கேஸ் நின்னா மூணு பேரும் போயிருவோம்."

"மூணு பேரும் ஏன் போகோணும்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இறங்கிப் போய்ப் பல் விளக்கினான்.

டேப்பைக் கிழித்துச் சுருட்டிச் சாலையில் வீசினேன். வலையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். இனி தினமும் காலையில் முதல் வேலை இதுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி. சண்டிகர்

சிலிண்டர் மாற்றினோம். மலையில் குளிர் ஏறினால் நம் சமையல் கேஸ் எழும்பாது, சிலிண்டருக்குள்ளேயே சோம்பேறி மாதிரி உட்கார்ந்துவிடும். புரோபேன் எந்தக் குளிரிலும் எழும்பும். நந்து எங்கோ தேடி ஒரு புரோபேன் சிலிண்டர் ஏற்றிவந்தான். வேலை என்று வந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை பற்றவைத்தபோது தீ பர்னரை விட்டு அரை விரல் மேலே எழும்பி நின்று உறுமியது. பர்னருக்கு அடியிலிருக்கும் காற்றுத் துளையைப் பாதி மூடினேன். அடுத்து மஞ்சளாக நாக்கை நீட்டிப் பாத்திரத்தைக் கரியாக்கியது. கொஞ்சம் திறந்தேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு குமிழைக் கால் திருப்பில் வைத்தால் நீலமாக அடங்கி உட்காருகிறது என்று பிடிபட்டது. குமிழில் அந்த இடத்துக்கு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். நகப்பூச்சு லோகேஸ்வரியுடையது. "அத்தைக்கு இப்பத்தான் அலங்காரத்துல புத்தி போகுது" என்றாள். நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு கேலி பேசுகிறாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

புது சிலிண்டர் மூடி இல்லாமல் வந்தது. "உங்க கைப்பையில ஒண்ணு கெடக்குதேங்க அத்தை, வெள்ளை மூடி? சீப்பு எடுக்கையில பார்த்தேன்" என்றாள் லோகேஸ்வரி.

அது இதற்குப் பொருந்தாது என்றேன். பொருந்தும். ஒரு துணியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது நந்துவிடம் பேசினேன். இத்தனை நாள் தொண்டையில் நின்றதை எல்லாம் கொட்டினேன். வண்டியைத் திருப்பு, அவளை அவள் அப்பா வீட்டில் விட்டுவிடு, இல்லாவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றேன்.

"என்ன பண்ணுவே?"

"போலீசுக்குப் போவேன்."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். முறுக்கவில்லை. பிடித்தபடியே மெதுவாகச் சொன்னான். "போ. போயி என்ன சொல்லுவே? மூணு வருசத்துக்கு முன்னால என்ன சொன்னேன்னு கேட்பாங்க. நீ சொன்னதாலதானம்மா நான் வெளியில இருக்கேன். நான் உள்ள போனா நீ வெளியிலயா இருப்பே?" அப்புறம்தான் முறுக்கினான்.

பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்பார்கள். எனக்கு வெட்கம்தான் எரிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு. மணாலி

நல்ல குளிர். நந்து டீசல் போட வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வெளியே நின்றான். உள்ளே நானும் அவளும். நான் ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த அக்கா எப்படிச் செத்தாங்க?"

கேஸ் கசிந்தது, நைட்டி பற்றியது. மனப்பாடமாக வந்தது.

"காலையில எத்தனை மணிக்குங்க?"

"பதினொண்ணு இருக்கும். நான் வீட்டுல இல்ல. லைன்ல, வீடு வீடா அடுப்புப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"காலைச் சமையல் நீங்கதானே பண்ணிட்டுப் போவீங்க?"

"ஆமா."

"அப்ப நீங்கதானே மூடி போட்டிருப்பீங்க? நீங்க ஒருநாளும் மறக்கமாட்டீங்களே அத்தை. இந்தப் பன்னெண்டு நாளா நான் பார்த்துக்கிட்டே வரேன். அன்னிக்கு மட்டும் போடலீங்களா?"

மாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் மாவு போட்டேன். அதுவும் அதிகமாகிவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல்.

"அந்த அக்கா திரும்பத் திறந்திருக்கலாம்" என்றேன்.

"திறந்திருக்கலாங்க" என்றாள். வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பா வீட்டுக்குப் போகோணும் அத்தை. போனை அவர் புடுங்கி வெச்சுக்கிட்டார். நீங்க எனக்கு உதவி பண்ண வேண்டாம். நான் போறப்பச் சத்தம் போடாம இருந்தாப் போதும்" என்றாள்.

இரண்டு மாவுக்கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சத்தம் போடாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

மழை. உப்புமா. டேப் மறுபடியும் ஒட்டியிருந்தது, கிழித்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய். சிஸ்ஸு

சுரங்கப்பாதை தாண்டி, ஆற்றோரமாக நிறுத்தியிருக்கிறோம். எதிரே அருவி. நூறடி தள்ளி ஒரு டாபா இருக்கிறது. லோகேஸ்வரி அங்கே பால் வாங்கப் போயிருக்கிறாள். மத்தியானத்துக்குத் தோசை வேண்டும் என்கிறான். மாவு இந்தக் குளிரில் புளிக்கவே இல்லை, மோர் விட்டிருக்கிறேன். தரை ஓட்டை பார்த்தாயிற்று, டேப்பைக் கிழித்தாயிற்று.

செப்டம்பர் 17, புதன். கேலாங் ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். நாளைக்குச் சொல்லும்போது ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

நேற்று மத்தியானம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மரப்பிடி போட்ட இரும்புக் கல். நந்து படுக்கையில் சாய்ந்திருந்தான். லோகேஸ்வரி பாலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கூடவே டாபாக்காரரும் வந்தார். நல்ல மனுஷர். வாசலில் நின்று, சிரித்த முகமாக அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நந்துவுக்கு ஓட்டை இந்தி தெரியும். மணாலி பஸ் மூன்று மணிக்கு, டாபா வாசலிலேயே நிற்கும் என்று அவர் சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தி உள்பூட்டைப் போட்டான். எதுவும் கேட்கவில்லை. முதல் குத்து அவள் வாயில். அவள் விழ இடம் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்தாள். பிடரியைப் பிடித்து அந்தத் தொட்டி விளிம்பிலேயே இடித்தான். ரத்தம் என் சேலையில் தெறித்தது. நான் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். இந்தத் தடவை போனேன். என்னை ஒரே தள்ளு. வலது கையை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டு மடங்கி உடைந்தது. எழுந்திருப்பதற்குள் அவள் தரையில் கிடந்தாள். அவன் சீட்டைத் தூக்கி, ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோல் கேனை எடுத்துவிட்டான்.

"பஸ் ஏறப் போறயா? ஏறு" என்றான். அவள் மேல் ஊற்றினான். தலையில், மாரில், வயிற்றில்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்றடி தூரத்தில்.

என் இடது கை தானாகப் போய் ரெகுலேட்டரைத் திருப்பியது. நான் யோசித்துச் செய்யவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், முதலில் ரெகுலேட்டர். ஆனால் குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீர நாலு நொடி ஆகும். குமிழைத் திருப்பியிருந்தால் உடனே அணைந்திருக்கும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேரையும் கொன்றிருக்கும். தீ சின்னதாகி, நீலமாகி, நடுங்கிக்கொண்டு எரிந்தது. நாலு நொடி. பெட்ரோல் தரையில் ஓடி வந்தது. அடுப்புக்குக் கீழே வந்து, அந்த ஓட்டை வழியாகச் சளசளவென்று கீழே இறங்கியது. காலையில் அந்த டேப்பைப் பார்க்காமல் விட்டிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. தீ அணைந்தது.

அவன் கேனை வீசிவிட்டு லைட்டரைத் தேடினான். கொக்கியில் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை அந்த முகத்தில். ஒரு வேலையைச் சரியாக முடிக்கப் போகிறவன் முகம். போன தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

தோசைக்கல்லை எடுத்தேன். பாதி வெந்த தோசையோடு எடுத்தேன். லைட்டர் பிடித்த கையின் மேல் முதல் அடி. லைட்டர் படுக்கைக்கு அடியில் போயிற்று. "அம்மா" என்று திரும்பினான். இரண்டாவது அடி முகத்தில், தட்டையாக. தோல் கல்லில் ஒட்டி இழுபட்டது. தாடை இறங்கிய சத்தம் கேட்டது. முழங்காலில் விழுந்தான். அதோடு போதும். அவனால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது அடி தேவையில்லை. அடித்தேன். நாலாவதும் அடித்தேன். லோகேஸ்வரி என் காலைக் கட்டிக்கொண்டு, "போதுங்க அத்தை, செத்துருவார், போதுங்க" என்று கத்திய பிறகுதான் கல்லைக் கீழே போட்டேன்.

அவள்தான் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தாள். டாபாக்காரரும் இன்னும் நாலு பேரும் ஓடி வந்தார்கள். பெட்ரோல் வாடை பட்டதும் ஒருவர் வாயிலிருந்த பீடியைத் தூக்கி ஆற்றில் எறிந்தார்.

அவன் உயிரோடு இருக்கிறான். இதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில். தாடை உடைந்து, வலது கண் போய்விட்டது. வாசலில் போலீஸ். நான் போய்ப் பார்க்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் குறைமாதத்தில் பிறந்து, பஞ்சில் சுற்றிவைத்து வளர்த்த பிள்ளை. அதற்கு அழுதேன். கண்ணுக்கு அழவில்லை.

லோகேஸ்வரிக்குத் தலையில் பதினோரு தையல். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். இன்னும் பெட்ரோல் வாடை போகவில்லை.

செப்டம்பர் 18, வியாழன். கேலாங்

காலையில் போலீஸ் ஸ்டேஷன். எழுதிக்கொண்டது ஒரு பெண் ஏட்டு, முப்பது வயது இருக்கும், கன்னமெல்லாம் குளிரில் வெடித்திருந்தது. எனக்கு இந்தி தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஆளை வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றாளாம். "நானே சொல்றேனுங்க" என்று லோகேஸ்வரி நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். நான் ஒரு வரி சொல்ல, அவள் ஒரு வரி இந்தியில் சொல்ல, ஏட்டு எழுதினாள். அது முடிந்ததும் ஏட்டு பேனாவை மூடப் போனாள்.

"இன்னும் இருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்றேன்.

கைப்பையைத் திறந்து மூடியை எடுத்து மேசையில் வைத்தேன். கயிற்றோடு இருந்தது. ஒரு பக்கம் புகை படிந்திருக்கிறது. பிளாஸ்டிக், ஆனால் எங்கேயும் உருகவில்லை. லோகேஸ்வரி அதைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன், மூத்தவள் செத்த அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு நான்தான் அடுப்பை அணைத்தேன். ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு அழுத்திவிட்டு வேலைக்குப் போனேன். பதினொன்றேகாலுக்கு ஆள் வந்து சொல்லி, ஓடி வந்தேன். அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள், கரிக்கட்டையாக. பெட்ரோல் வாடை அடித்தது. இவன் கையில் கொப்புளம். சிலிண்டர் வாயில் நான் போட்ட மூடி போட்டபடியே இருந்தது. அந்த அடுப்பில் கேஸே இல்லை. எதுவும் கசியவில்லை.

லோகேஸ்வரி வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் தடுமாறவில்லை.

"அம்மா, அடுப்புன்னு சொல்லிருன்னு இவன் கும்பிட்டான். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் மூடியைக் கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சேன். ரெகுலேட்டரை மாட்டினேன். குமிழைத் திறந்து வெச்சேன். போலீஸ் வந்து பார்த்து, சரிதான்னு எழுதிக்கிட்டாங்க. அவளோட அப்பா என் முன்னாடி நின்னு, கேஸ்காரம்மா, நீங்களே சொல்லுங்க, என் புள்ள அப்படி அசட்டையானவளான்னு கேட்டார். அசட்டையானவதான்னு சொன்னேன்."

லோகேஸ்வரி நிறுத்திவிட்டாள். ஏட்டு பேனாவோடு அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். லோகேஸ்வரி தையல் போட்ட தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அன்னிக்கு நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தா, என்னைய இவருக்குக் கட்டிக்குடுத்திருக்க மாட்டாங்க" என்றாள்.

"ஆமா."

"பொண்ணு பார்க்க வந்தப்ப என் தலையில பூ வெச்சது நீங்கதானுங்க."

"ஆமா கண்ணு."

"உங்க மேலயும் கேஸ் வரும். தெரியுங்களா?"

"தெரியும். சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காமச் சொல்லு."

சுவரோரமாக இருந்த அடுப்பில் ஒரு காவலர் டீ போட்டுக்கொண்டிருந்தார். தீ மஞ்சளாக, கன்னாபின்னாவென்று பாத்திரத்தின் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்தது. போய்க் குறைக்க வேண்டும் என்று கை துடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஏட்டு எதையோ திரும்பக் கேட்டாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்கிறாளாம். லோகேஸ்வரிக்கு அதுகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. இந்த நோட்டிலும் நான் எழுதியதில்லை, முன்பக்கமெல்லாம் புரட்டிப் பார்த்தேன்.

"சுகந்தி" என்றேன்.

லோகேஸ்வரி ஏட்டின் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தியில் நிறையச் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. எனக்கு அதில் புரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். ஏழு தடவை வந்தது.